கோபுரம் சாய்ந்த பிறகு கைமாற்றுவது யார்?

பஸ்ஸில் போய்க்கொண்டே செல்போனில் பேசுகிறோம். தாம்பரத்தில் ஆரம்பித்த அரட்டை கிண்டி வந்தும் அறுபடுவதில்லை. இடையில் நம் பேச்சு எத்தனை டவர் மாறியிருக்கும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதும் இல்லை. ஒரு டவர் நம்மை அடுத்த டவரிடம் பத்திரமாக ஒப்படைக்கும் இந்தக் காரியத்துக்கு ஹேண்டாஃப் என்று பெயர். தமிழில் கைமாற்று எனலாம். (மாதக் கடைசியில் ஹாஸ்டல் நண்பனிடம் வாங்குவோமே, அந்தக் கைமாற்று அல்ல!)

சரி, கைமாற்றிக் கொடுக்க டவரே இல்லை என்றால்?

இது வீண் கற்பனை இல்லை நண்பர்களே. 2015 டிசம்பர் முதல் வாரச் சென்னை வெள்ளத்தில் மின்சாரமும் போய், ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்து, பல பகுதிகளில் செல்போன் வெறும் டார்ச் லைட்டாகிவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கூடவே போன்களும் ஊமையாயின.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீட்புப் படகு ஒன்றில் ஒருவர், நூறு அடி தள்ளி மொட்டை மாடியில் ஒருவர். இருவர் கையிலும் நல்ல போன். உள்ளே நல்ல ரேடியோ. பாட்டரியும் பாதி இருக்கிறது. ஆனாலும் டவர் விழுந்துவிட்டால் இவர் அவரைக் கூப்பிட முடியாது! இத்தனை பக்கத்தில் இருந்தும் இடையில் ஒரு தரகர் இல்லாமல் பேச முடியாதபடிதான் செல் நெட்வொர்க்கை அமைத்திருக்கிறோம்.

தரகர் இல்லாமல் கருவிகள் தமக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும் வலைக்கு அட்-ஹாக் நெட்வொர்க் என்று பெயர். ஈ.சி.ஈ. இறுதியாண்டு புராஜெக்டுக்காக நான் இதைப் படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. கருவிகளை இணைப்பது பெரிய காரியமில்லை. இணைந்த கருவிகள் நகர ஆரம்பித்ததும்தான் வித்தை தொடங்குகிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டவர் உள்ள ஊரில்

முதலில் சுலபமானதைப் பார்ப்போம். ஜி.எஸ்.எம். போனில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே, போன் பக்கத்து டவர்களின் சிக்னலையும் அளந்துகொண்டிருக்கிறது. சுமார் அரை வினாடிக்கு ஒருமுறை, சரியாகச் சொன்னால் 480 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதிக பலமாகக் கேட்கும் ஆறு பக்கத்து செல்கள் வரை பட்டியல் போட்டு நெட்வொர்க்குக்கு அனுப்புகிறது. "இவனுக்கு இங்கே சிக்னல் மங்குது, அங்கே நல்லா இருக்கு" என்று முடிவெடுப்பது நெட்வொர்க்தான். அது புதிய டவரில் ஒரு சேனலை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு போனுக்கு "அங்கே போ" என்று உத்தரவு போடும். போன் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு டவரின் எல்லையில் நாம் நின்றால், ஒரு நொடி இது பலம், மறு நொடி அது பலம். ஒவ்வொரு முறையும் மாற்றினால் போன் டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி இங்கும் அங்கும் அலையும். அதற்கே பிங்-பாங் விளைவு என்று பெயர்! ஆகவே புதிய டவர் கொஞ்சம் பலமாக இருந்தால் போதாது, இத்தனை டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் மாற்றுவது என்று ஒரு விளிம்பு வைத்திருக்கிறார்கள். இதைத்தான் ஹிஸ்டரிசிஸ் என்கிறோம். மேக்னடிசம் பாடத்தில் மனப்பாடம் செய்த அதே ஹிஸ்டரிசிஸ். இங்கே பிழைப்புக்கு உதவுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. டவர் நகராது. முடிவெடுக்க மேலே ஒரு ஆள் இருக்கிறது.

டவர் இல்லாத ஊரில்

அட்-ஹாக் நெட்வொர்க்கில் இந்த இரண்டுமே கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஒரே சமயத்தில் பயணி, கண்டக்டர், ரோடு மூன்றும்தான். என் செய்தி உங்கள் கருவி வழியாகப் போகும். உங்கள் செய்தி என் கருவி வழியாக வரும். நீங்கள் நகர்ந்தால் எனக்கு ரோடே நகர்ந்து போகிறது!

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா 1970களில் பாக்கெட் ரேடியோ என்ற திட்டத்தை நடத்தியது. கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஒரு வேனுக்குள் ரேடியோவை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 1976 ஆகஸ்ட் 27 அன்று எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தார் அந்த வேனை ஒரு பீர் கடை முன் நிறுத்தி, வெளியே கிடந்த மேஜையில் டெர்மினலை வைத்து, ரேடியோ வழியாக அர்பாநெட்டுக்குத் தங்கள் வாராந்திர ரிப்போர்ட்டை அனுப்பினார்கள். 1977 நவம்பர் 22 அன்று அதே வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ, அர்பாநெட், சாட்டிலைட் ஆகிய மூன்று வலைகளையும் கடந்து செய்தி போய் வந்தது. இன்றைய இன்டர்நெட்டுக்கு அடித்தளம் போட்ட சோதனைகளில் அது ஒன்று.

அந்த பாக்கெட் ரேடியோவில் ஒவ்வொரு நிலையமும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஏழரை வினாடிக்கு ஒருமுறை அறிவிக்கும். (ஏழரை என்றதும் சனீஸ்வரன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) அந்த ஏழரை வினாடியில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அங்க போய்க் கேளு

நம்ம ஊரில் வழி கேட்டால் யாராவது முழு மேப் போட்டுக் காட்டுகிறார்களா? "நேரா போங்க, ஆலமரத்துல இடது பக்கம் திரும்புங்க, அங்க யாரையாவது கேளுங்க" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் அடுத்த திருப்பம் வரை தெரிந்தால் போதும். நாம் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவோம். டிஸ்டன்ஸ் வெக்டார் முறை இதுதான். இன்ன இடத்துக்கு இன்ன பக்கத்துக் கருவி வழியாக இத்தனை தாண்டல் என்று ஒவ்வொரு கருவியும் ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும்.

ஆலமரம் இடம் மாறிவிட்டால்? பழைய தகவலை நம்பி, ஏ-யிடம் கேட்டால் "பி-யைக் கேள்", பி-யிடம் கேட்டால் "ஏ-யைக் கேள்" என்று செய்தி சுற்றிச் சுற்றி வரும். இதற்கு 1994-ல் சார்லஸ் பெர்கின்ஸ், பிரவின் பகவத் என்ற இருவர் ஓர் அழகான வழி சொன்னார்கள். டி.எஸ்.டி.வி. என்று பெயர். ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிய அறிவிப்புக்கு வரிசை எண் போடும். அது எப்போதும் இரட்டைப்படை. அதன் இணைப்பு அறுந்ததை வேறொருவர் கண்டுபிடித்தால், அவர் அடுத்த ஒற்றைப்படை எண்ணைப் போட்டு, தூரம் முடிவிலி என்று அறிவிப்பார். பெரிய எண் வைத்திருப்பதே புதிய செய்தி. தொலைந்த கருவி மறுபடி எங்கோ தலைகாட்டினால் அதைவிடப் பெரிய இரட்டை எண்ணோடு வரும். எல்லோரும் பழையதை அழித்துவிடுவார்கள். வதந்தி எது, புதுச் செய்தி எது என்று பிரிக்க ஒரே ஒரு எண்! நான் இதைப் படித்த அன்று ஹாஸ்டலில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னேன்.

அடுத்து வந்த ஏ.ஓ.டி.வி. முறைக்கு 2003 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 3561 என்ற ஆவணம் வெளியானது. அதன் தத்துவம்: தேவைப்படும்போது மட்டும் வழி தேடு. ஒரு கேள்வியை ஊர் முழுக்கத் தண்டோரா போட வேண்டும். பதில் வந்த வழியே செய்தி போகும். நடுவில் ஒரு கருவி நகர்ந்து வழி அறுந்தால், அறுந்த இடத்துக்கு முந்தைய கருவி தானே பக்கத்தில் வேறு வழி தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் "வழி அறுந்தது" என்று அனுப்பியவருக்குத் தகவல் போகும். அவர் புதிதாகத் தேட வேண்டும். டவர் இல்லாத ஊரில் கைமாற்று என்பது இதுதான். தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்க யாருமில்லை. அறுந்த இடத்தில் இருப்பவரே முடிச்சுப் போட வேண்டும்.

ஹலோ சொல்லும் கணக்கு

அறுந்தது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஏழரை வினாடியின் முடிச்சு.

ஏ.ஓ.டி.வி.யில் ஹலோ செய்திகளைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு கருவியும் வினாடிக்கு ஒரு ஹலோ சொல்லும். இரண்டு ஹலோ வரும் நேரத்துக்குச் சத்தமே இல்லை என்றால் பக்கத்துக் கருவி போய்விட்டது என்று கொள்ளப்படும். ஓ.எல்.எஸ்.ஆர். என்ற இன்னொரு முறையில் ஹலோ இரண்டு வினாடிக்கு ஒருமுறை; ஆறு வினாடி கேட்காவிட்டால்தான் போனதாகக் கணக்கு. இவை ஆவணங்களில் சொல்லியிருக்கும் வழக்கமான அளவுகள்.

ஒரு சின்ன கணக்கு போடலாமா? ரேடியோ 100 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொள்வோம். நடந்து போகிறவர் வினாடிக்கு 1.4 மீட்டர், ஆறு வினாடியில் 8 மீட்டர்தான். கவலை இல்லை. மணிக்கு 10 கிலோமீட்டர் போகும் படகு ஆறு வினாடியில் சுமார் 17 மீட்டர். சமாளிக்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் போகும் லாரி? வினாடிக்கு 10 மீட்டர். ஆறு வினாடியில் 60 மீட்டர்! எட்டும் தூரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

எதிரும் புதிருமாக இரண்டு லாரிகள் அதே வேகத்தில் வந்தால் இன்னும் மோசம். 100 மீட்டர் முன்னே பார்த்து, 100 மீட்டர் பின்னே பிரியும் வரை மொத்தம் 200 மீட்டர். ஒன்றுக்கொன்று வேகம் வினாடிக்கு 20 மீட்டர். ஆக, உறவே 10 வினாடிதான். அதில் "நான் சொன்னது உனக்குக் கேட்டதா, நீ சொன்னது எனக்குக் கேட்டதா" என்று இரண்டு பக்கமும் ஹலோ பரிமாறி அறிமுகமாகவே சில வினாடி போகும். பிரிந்த பிறகும் ஆறு வினாடி "இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறான்" என்று நம்பி, ஆளில்லாத திசையில் செய்தியைக் கொட்டிக்கொண்டிருக்கும்!

குரலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட் என்றால் வினாடிக்கு 50 பாக்கெட். இரண்டு வினாடி இடைவெளியில் 100 பாக்கெட் காற்றோடு போச்சு. "மாடியில் குழந்தை இருக்கு" என்ற வாக்கியம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் வினாடிக்குப் பத்து ஹலோ சொல்லேன் என்பீர்கள். சொல்லலாம், ஆனால் காற்று எல்லோருக்கும் பொது. 50 கருவிகள், ஒவ்வொன்றும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை தன் நிலவரத்தை ஊர் முழுக்கப் பரப்புகிறது. கேட்ட ஒவ்வொன்றும் ஒருமுறை திருப்பிச் சொல்கிறது என்று வையுங்கள். 50-ஐ 50-ஆல் பெருக்கினால் 2500. ஐந்து வினாடிக்கு 2500 என்றால் வினாடிக்கு 500 ஒலிபரப்பு. எல்லோரும் "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று கத்திக்கொண்டிருந்தால் உருப்படியாக யார் எப்போது பேசுவது? பாட்டரி வேறு கரையும்.

ஓ.எல்.எஸ்.ஆர். இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறது. பக்கத்தில் பத்துப் பேர் இருந்தாலும், அவர்களுக்கு அப்பால் உள்ள அனைவரையும் எட்டப் போதுமான இரண்டு மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, "நான் சொல்வதை நீங்கள் மட்டும் திருப்பிச் சொன்னால் போதும்" என்பது. கிளாஸ் லீடர் முறைதான்! இன்னொரு யோசனை, நீண்ட நேரம் பக்கத்திலேயே இருந்தவரை நம்புவது. இத்தனை ஹலோ தொடர்ந்து கேட்ட கருவி இனியும் கொஞ்ச நேரம் இருக்கும் என்ற கணிப்பு அது. மூன்றாவது, சிக்னல் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, அறுவதற்கு முன்பே புது வழி தேடி வைப்பது. டவர் செய்த முன்யோசனையை இங்கே ஒவ்வொரு கருவியும் தானே செய்கிறது.

ஆக, நகர்தலைச் சமாளிப்பது என்றால் எத்தனை முறை ஹலோ சொல்வது என்ற பேரம்தான். குறைத்தால் பொய்யான வழி, கூட்டினால் நெரிசல். நகரும் வேகம் தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வீடு மாறினால் தபால்

இன்னொரு கைமாற்றும் உண்டு. நம் அட்-ஹாக் வலையில் ஒரு கருவிக்கு மட்டும் சாட்டிலைட் வழியே இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது, அது கேட்வே. நாம் நகர்ந்து வேறொரு கேட்வே பக்கம் போனால் நம் ஐ.பி. முகவரி மாறலாம். முகவரி மாறினால் நடந்துகொண்டிருந்த தொடர்பு அறுந்துவிடும்.

இதற்கு 1996-ல் வெளிவந்த மொபைல் ஐ.பி. ஒரு வழி காட்டியது. நாம் வீடு மாறினால் பழைய ஊர் தபாலாபீஸில் "இனி என் கடிதங்களை இந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? அதேதான். சொந்த ஊரில் ஹோம் ஏஜென்ட் என்று ஒருவர். போகிற ஊரில் ஒரு தற்காலிக முகவரி. வருகிற பாக்கெட்டை ஹோம் ஏஜென்ட் இன்னொரு கவருக்குள் போட்டு அங்கே அனுப்பிவிடுவார். எழுதுகிறவருக்கு நாம் நகர்ந்ததே தெரியாது.

காத்திருக்கத் தெரிந்த செய்தி

இதுவரை நகர்வதை ஒரு தொல்லையாகவே சொல்லிவந்தேன். அதையே வரமாக்கியவர்களும் உண்டு. கென்யாவில் வரிக்குதிரைகளின் கழுத்தில் பட்டை மாட்டி 2004-ல் ஒரு சோதனை நடந்தது. ஜீப்ராநெட் என்று பெயர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் செய்தது. காட்டில் டவர் ஏது? இரண்டு வரிக்குதிரைகள் சந்திக்கும்போது பட்டைகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும். ஏதாவது ஒரு வரிக்குதிரை ஆராய்ச்சியாளரின் வண்டி அருகே வந்தால் மற்றவற்றின் கதையும் சேர்ந்து கிடைக்கும். வழி அறுந்தால் செய்தியைத் தூக்கி எறியாமல், மடியில் முடிந்து வைத்திருந்து அடுத்தவரைக் கண்டதும் கொடுப்பது. 2001-ல் கிராஸ்கிளாசர், சே என்ற இருவர், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தயாரானால் நகர்தல் வலையின் கொள்ளளவைக் கூட்டவே செய்யும் என்று கணக்குப் போட்டே காட்டினார்கள்.

வெள்ளத்தில் இதன் பொருள் என்ன? டவர் விழுந்த ஊரில் குரலுக்கு வாக்குக் கொடுக்காதே. எழுத்துச் செய்திக்குக் கொடு. "மூன்றாவது தெரு, பச்சை வீடு, மாடியில் நாலு பேர், இன்சுலின் வேண்டும்" என்ற ஒரு வரி பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் உயிரைக் காப்பாற்றும். அந்தச் செய்தியை அந்தப் பக்கம் போகும் படகே சுமந்து வரலாம். அங்கே படகுதான் டவர், படகோட்டிதான் கைமாற்று.

மேஜையை விட்டு எழுந்திருப்போம்

கடைசியாக, நம் கிளாஸுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் கண்காட்சிகளில் "பேரிடர் கால வயர்லெஸ் வலை" என்று போர்டு வைத்திருப்பார்கள். பார்த்தால் நான்கு சர்க்யூட் போர்டும் ஒரே மேஜையில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அரையடி இடைவெளியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எல்.ஈ.டி. எரியும், கைதட்டல் விழும், மார்க்கும் விழும். மேஜை நகராதே நண்பர்களே! மேஜை மேல் வேலை செய்யும் வலை படகில் வேலை செய்யும் என்பதற்கு என்ன அத்தாட்சி?

பெரிய செலவு வேண்டாம். மூன்று நான்கு ராஸ்பெரி பை, பவர் பாங்க் போதும். லினக்ஸ் கெர்னலிலேயே 2011 முதல் பேட்மேன் என்ற ரூட்டிங் முறை இருக்கிறது. ஆமாம், பேட்மேன்தான் பெயர்! ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வலர் குழுவினர், ஊருக்கு இலவச வலை அமைத்த அனுபவத்தில் உருவாக்கியது. நம் "அங்க போய்க் கேளு" தத்துவம்தான் அதிலும். ஒன்றை ஹாஸ்டலில், ஒன்றை ஒர்க்ஷாப்பில், ஒன்றை கேன்டீனில் வையுங்கள். நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். பிறகு சைக்கிளில் போங்கள். பிறகு மோட்டார் சைக்கிளில் நண்பன் பின்னால் உட்கார்ந்து போங்கள். வினாடிக்கு ஒரு பிங் அனுப்பி, எத்தனை வினாடி பதில் வரவில்லை என்று ஒவ்வொரு வேகத்துக்கும் நோட்டில் எழுதுங்கள். ஹலோ இடைவெளியை மாற்றி மறுபடி எழுதுங்கள். அந்த ஒரு பக்க அட்டவணை, பளபளக்கும் பத்து போர்டுக்குச் சமம்.

நம்மில் பலர் நாளை டவர் பராமரிப்பு வேலைக்குத்தான் போகப் போகிறோம். டவரை நிற்க வைப்பது நம் சோறு. அது சாய்ந்த இரவில் பக்கத்து மாடிக்காரரின் ஒரு வரிச் செய்தி எப்படிக் கைமாறும் என்று தெரிந்து வைத்திருப்பதும் டிப்ளமோ வாங்கியவன் கடமைதான். அடுத்த மழைக்காலத்துக்குள் யாராவது ஒரு ஜூனியர் அந்த அட்டவணையோடு வந்து நின்றால், கேன்டீனில் டீ என் செலவு!